நடந்தது என்கிறார் ஒருவர், நடக்கவே இல்லை என்கிறார் இன்னொருவர்: விசாகா கமிட்டி விசாரணையில் எது நியாயம்?

ஓர் அலுவலகத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால், அன்று மாலைக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "அந்தப் பொண்ணு எதுக்குப் பொய் சொல்லப் போகுது" என்று ஒரு கட்சி. "சார் அப்படிப்பட்ட ஆளே இல்லை, இதுல வேற ஏதோ இருக்கு" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கத்திலும் எதையும் நேரில் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பழகிய முகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

குற்றம் சாட்டப்பட்டவர் "ஆமாம், செய்தேன்" என்று ஒப்புக்கொள்ளும் புகார்கள் குறைவு. மறுப்பதுதான் வழக்கம். அப்போது விசாரிக்கும் குழு என்ன செய்ய வேண்டும்? அவருக்கு அதிக அவகாசம் கொடுத்தால் புகார் கொடுத்த பெண்ணுக்கு அநியாயம், பெண்ணை நம்பினால் அவருக்கு அநியாயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துவிடும் என்ற இந்த எண்ணம்தான் பெரும்பாலான விசாரணைகளைக் கெடுக்கிறது. ஒழுங்காக நடந்த விசாரணை இரண்டு பேருக்குமே பாதுகாப்பு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சட்டம், சுருக்கமாக

நம் ஊரில் எல்லோரும் 'விசாகா கமிட்டி' என்று சொல்வது, சட்டப்படி உள்ளகக் குழு. அந்தப் பெயர் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அரசுத் திட்டத்தில் ஊழியராக இருந்த பன்வாரி தேவி, அந்த வேலையைச் செய்ததற்காகவே 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதன் பிறகு பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கு அது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு தர வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க 2013 வரை ஆனது. அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் கட்டாயம். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் சம்பளம் தருவது ஒரே முதலாளி. அந்த அழுத்தம் இல்லாத ஒரு குரல் அறையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வெளி உறுப்பினர். பெயருக்கு ஒருவரைப் போட்டுவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் நிறுவனங்கள் தங்கள் விசாரணையைத் தாங்களே பலவீனமாக்கிக் கொள்கின்றன.

தொடுவது, பாலியல் உறவுக்குக் கேட்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டுவது, விரும்பத்தகாத வேறு பாலியல் நடத்தை என்று எல்லாமே சட்டத்தின் வரையறைக்குள் வரும். "நான் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை" என்ற பதில் எவ்வளவு தூரம் செல்லும்? சென்னையில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவன அதிகாரி மீது பெண் ஊழியர்கள் கொடுத்த புகாரில், சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் இதற்கு விடை சொன்னது. செய்தவரின் எண்ணத்தைவிட, அந்தச் செயல் எதிரில் இருந்த பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்றது.

இந்தச் சட்டப்படி புகார் கொடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண் ஊழியர் துன்புறுத்தப்பட்டால் நிறுவனத்தின் சொந்த விதிகளைத்தான் நாட வேண்டியிருக்கும். இது ஒரு குறைதான். நல்ல நிறுவனங்கள் தங்கள் விதிகளில் எல்லோரையும் சேர்த்து எழுதுகின்றன.

சாட்சி இல்லாத அறை

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. மார்ச் மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நேரம். கணக்குப் பிரிவுப் பெண் ஊழியர் இரவு 8 மணி வரை இருக்கிறார். பழைய ஃபைல்கள் இருக்கும் அறைக்கு மேலாளர் கூப்பிடுகிறார். அங்கே கையைப் பிடித்து இழுத்தார், பாலியல் சாயலோடு பேசினார் என்பது புகார். அந்த அறையில் கேமரா கிடையாது. வேறு யாரும் இல்லை. 5 வாரம் கழித்துத்தான் புகார் கொடுக்கிறார்.

மேலாளரின் பதில்: "அந்த நேரத்தில் நான் ஆடிட்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வேலை மதிப்பீட்டில், அதாவது அப்ரைசலில், குறைவாக மதிப்பெண் போட்டேன், அதற்குப் பழிவாங்குகிறார்."

அனுபவமில்லாத குழு இங்கே கையை விரித்துவிடும். "சாட்சி இல்லை, அவர் பேச்சு ஒன்று, இவர் பேச்சு ஒன்று, நாங்கள் என்ன செய்ய?" ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி இல்லை என்பதற்கு, ஆதாரமே இல்லை என்று பொருள் கிடையாது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமே ஓர் ஆதாரம்தான். மறுப்பவரின் வாக்குமூலமும் அப்படியே. இரண்டையும் மற்ற விஷயங்களோடு ஒட்டிப் பார்ப்பதுதான் விசாரணை.

என்னென்ன பார்க்கலாம்? வாசலில் இருக்கும் பயோமெட்ரிக் மெஷின் இருவரும் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று சொல்லும். ஆடிட்டரோடு பேசிய அழைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பது போனில் இருக்கும். அந்த அழைப்பு 7.40க்கு முடிந்திருந்தால், அது 8 மணிக்கு நடந்ததாகச் சொல்லப்படும் விஷயத்தை மறுக்க உதவாது. 8.05 வரை நீண்டிருந்தால், குழு அதைக் கவனமாக எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். அன்று இரவு அந்தப் பெண் தன் தோழிக்கு வாட்ஸ்அப்பில் "இனிமே இந்த ஆளோட தனியா ஒரு ரூம்ல நிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தால், 5 வாரம் கழித்து யோசித்துக் கட்டிய கதை என்ற வாதம் நிற்காது.

அப்ரைசல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. குறைந்த மதிப்பெண்ணும் புகாரும் ஒன்றையடுத்து ஒன்று வந்திருக்கின்றன என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. மதிப்பெண் எந்தத் தேதியில் கம்ப்யூட்டரில் பதிவானது என்று ஹெச்.ஆர். பிரிவிடம் கேட்க வேண்டும். சம்பவத்துக்கு முன்பே பதிவாகி, அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தால், மேலாளர் சொல்லும் காரணத்தைக் குழு யோசிக்க வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவருக்கு, சம்பவத்துக்குப் பிறகு திடீரென்று குறைந்திருந்தால், அதே அப்ரைசல் மேலாளருக்கு எதிராகத் திரும்புகிறது. இணங்காததற்கான தண்டனையோ என்ற கேள்வி எழும். ஒரே காகிதம், தேதி மாறினால் பொருள் மாறுகிறது. இதைத் தேடிப் பார்க்காமல் "முன்பகை இருக்கிறது" என்று ஒற்றை வரியில் எழுதி முடிக்கும் அறிக்கைகள் யாருக்கும் நியாயம் செய்வதில்லை.

5 வாரத் தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்து குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். வேலை போய்விடுமோ, வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கித்தான் பலர் வருகிறார்கள். "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வியை ஒரு முறை, மரியாதையாக, விடை தெரிந்துகொள்வதற்காகக் கேட்கலாம். குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் அது விசாரணையே கிடையாது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் 100 சதவீதம் நிச்சயம் வராமல் போகலாம். வரவும் தேவையில்லை. கிரிமினல் வழக்கில்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அலுவலக விசாரணையில், நடந்திருப்பதற்கான வாய்ப்பு நடக்காமல் இருப்பதற்கான வாய்ப்பைவிட அதிகமா என்பதே அளவுகோல். 1999இல் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட விவகாரங்களில் மொத்தச் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும், அற்பமான முரண்பாடுகளைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்றது. அந்த வழக்கில், அதிகாரி பெண் ஊழியரை உண்மையில் தொட்டுவிடவில்லை, முயற்சிதான் செய்தார், அதனால் பணிநீக்கம் அதிகப்படியான தண்டனை என்று உயர் நீதிமன்றம் நினைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் பணிநீக்கத்தை மீண்டும் உறுதி செய்தது.

எதிர்த்தரப்பைக் கேட்பது யாருக்கு நல்லது?

சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஒரு வரிசை வைத்திருக்கின்றன. புகார் வந்த 7 வேலை நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் தன் பதிலையும், ஆவணங்களையும், தன் சாட்சிகளின் பட்டியலையும் தர வேண்டும். விசாரிக்கும்போது தலைவரோடு சேர்த்துக் குறைந்தது 3 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். இரண்டு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். கண்டறிந்த விவரங்களின் நகலை இரண்டு பேருக்கும் கொடுத்து, மறுப்பு சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இந்தக் கடைசிப் படியை நேரடியாகத் தாண்டிப் போகும் குழுக்கள் உண்டு. பிறகு நீதிமன்றத்தில் அடி வாங்குவதும் இங்கேதான்.

புகாரின் நகல் என்றால் "உங்கள் மீது ஒரு புகார் வந்திருக்கிறது, விளக்கம் தாருங்கள்" என்று ஒரு மெயில் அனுப்புவது இல்லை. எந்தத் தேதி, எந்த இடம், என்ன செயல் என்று தெரியாமல் ஒருவர் எதற்குப் பதில் சொல்வார்?

இதையெல்லாம் சொன்னால், "பாதிக்கப்பட்டவருக்காக வேலை செய்ய வேண்டிய குழு, செய்தவனுக்கு ஏன் இவ்வளவு வசதி செய்து தர வேண்டும்" என்று கோபப்படுபவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய வழக்கு கோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2009இல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர் மீது புகார் கொடுத்தார்கள். அவர் முதலில் அவகாசம் கேட்டு இழுத்தார். பிறகு குழு வேகமெடுத்தது. மருத்துவக் காரணம் சொல்லி நேரம் கேட்டபோதும் அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2012இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து, 2009 மே மாதத்தில் எந்த நிலையில் இருந்ததோ அங்கிருந்து மீண்டும் விசாரிக்கச் சொன்னது.

புகார் பொய் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மாணவிகளுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில், குழு அவர்களுக்கே பெரிய பாதிப்பை உண்டாக்கிவிட்டது என்றுதான் வருத்தப்பட்டது. நினைத்துப் பாருங்கள். 14 ஆண்டுகள். படித்து முடித்து, வேலைக்குப் போய், குடும்பம் குழந்தை என்று ஆன ஒரு பெண்ணிடம், "திரும்ப முதலில் இருந்து சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டிய நிலை. சில நாள் அவகாசம் கொடுத்து, அவர் பதிலையும் வாங்கி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. எதிர்த்தரப்பைக் கேட்பது அவருக்குக் காட்டும் கருணை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புகார் கொடுத்தவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு நாளை கையிலிருந்து நழுவாமல் இருக்க அதுதான் வழி.

மறுபக்கமும் பாருங்கள். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர், அன்றைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது புகார் கொடுத்தார். கோகோய் அதை முழுமையாக மறுத்தார். செய்தி வெளியானதும் ஒரு சனிக்கிழமை அவசரமாகக் கூடிய அமர்வில் அவரே உட்கார்ந்தார். தன் விஷயத்தில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது சட்டம் படிக்கும் முதல் ஆண்டிலேயே சொல்லித் தருவது. பிற்காலத்தில் அவரே, அந்த அமர்வில் தான் இருந்திருக்கக் கூடாது என்றார். பிறகு 3 நீதிபதிகள் கொண்ட உள் விசாரணைக் குழு அமைந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வர அனுமதியில்லை, தன் வாக்குமூலத்தின் நகல்கூடத் தரப்படவில்லை என்று சொல்லி அந்தப் பெண் பாதியில் விலகினார். மே 6 அன்று, புகாரில் சாரமில்லை என்று குழு முடிவு சொன்னது. அறிக்கை வெளியிடப்படவில்லை, புகார் கொடுத்தவருக்கும் தரப்படவில்லை. 2020 ஜனவரியில் அந்தப் பெண் மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இப்படி நடந்த விசாரணை கோகோய்க்கும் உதவவில்லை என்பதே என் கருத்து. யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒழுங்காக நடந்த விசாரணையில் ஒருவர் நிரபராதி என்று வந்திருந்தால், அந்த முடிவை மனமார ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பாவது மற்றவர்களுக்கு இருந்திருக்கும்.

நேருக்கு நேர் நிறுத்த வேண்டுமா?

குறுக்கு விசாரணை என்றதும் சினிமாக் கோர்ட்தான் பலருக்கு ஞாபகம் வரும். அலுவலக விசாரணையில் அப்படி நடக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு தன் கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம். தலைவர் அவற்றைப் பார்த்து, பெண்ணின் உடை, பழைய நட்பு, குணம் பற்றிய தேவையற்ற கேள்விகளை நீக்கிவிட்டு, மற்றதைக் கேட்டு விடையைப் பதிவு செய்யலாம்.

இதற்கு அரை நூற்றாண்டு பழைய முன்னுதாரணம் உண்டு. ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரியில், இரவில் சில மாணவர்கள் நிர்வாணமாகப் பெண்கள் விடுதிக்குள் புகுந்து மாணவிகளிடம் முறைகேடாக நடந்தார்கள். மாணவர்கள் முன்னிலையில் மாணவிகளைப் பேசச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது கல்லூரிக்குத் தெரிந்தது. குழு மாணவிகளிடம் தனியாக வாக்குமூலம் வாங்கியது. சந்தேகிக்கப்பட்டவர்களின் புகைப்படங்களை மற்ற மாணவர்களின் புகைப்படங்களோடு கலந்து வைத்து, அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு அந்த மாணவர்களைத் தனித்தனியே அழைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலை வாங்கியது. 1973இல் உச்ச நீதிமன்றம் இது நியாயமான விசாரணைதான் என்று ஏற்றுக்கொண்டது. புகைப்படங்களைக் கலந்து வைத்த அந்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாணவிகளுக்குப் பயமில்லாமல் பேச இடம், தவறான ஆள் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பு, இரண்டும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன.

நிரூபிக்கப்படவில்லை என்றால் பொய்யா?

இந்த விஷயத்தில் அதிகம் குழப்பம் இருப்பதால் நிறுத்திச் சொல்கிறேன். பொய் என்று தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்று இந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, புகாரை நிரூபிக்க முடியவில்லை, போதுமான ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தது என்பதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

ஆக, முடிவு மூன்று விதமாக வரலாம். நிரூபணமானது, நிரூபணமாகாதது, பொய் என்று நிரூபணமானது. நடுவில் இருப்பதை மூன்றாவதாக மாற்றி, "பொய்ப் புகார்க்காரி" என்று ஒரு பெண்ணுக்குப் பட்டம் கட்டுவது பெரிய அநியாயம். அடுத்து வரப்போகும் பத்துப் பெண்களின் வாயை அது அடைத்துவிடும். அதே போல, நிரூபணமாகாத புகாரில் சிக்கிய ஒருவரை "தப்பிச்சுட்டான்" என்று காலமெல்லாம் பேசுவதும் அநியாயம்தான். பொய்யான புகாரும் அபூர்வமாக வரத்தான் செய்கிறது. அதில் மாட்டியவரின் வேதனை உண்மையானது. அவரைக் காப்பாற்றப்போவதும் தேதி, நேரம், காகிதம் என்று தேடிப் பார்த்த குழுதான்.

விசாரணை நடக்கும்போது இருவரும் ஒரே அறையில் வேலை செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். புகார் கொடுத்தவர் எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, புகார் கொடுத்தவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவோ, அவருடைய வேலையை எதிர்த்தரப்பு மதிப்பிடாமல் தடுக்கவோ குழு பரிந்துரைக்கலாம். எதிர்த்தரப்பை இடம் மாற்றினால் அது தற்காலிக ஏற்பாடு, தண்டனை இல்லை. இதை அலுவலகத்துக்கு யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடமாற்றமே தீர்ப்பாகிவிடுகிறது.

வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொள்ளும் சக ஊழியர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யார் என்பதையும் விசாரணை விவரங்களையும் வெளியிடச் சட்டம் தடை செய்திருக்கிறது. விசாரணையைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் வெளியே சொன்னால் 5,000 ரூபாய் அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் கசிந்த ஒரு பெயரைத் திரும்ப உள்ளே எடுக்க முடியாது.

அறிக்கை வந்த பிறகு நிறுவனம் 60 நாளுக்குள் அதன்படி நடக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லாத எந்தத் தரப்பும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சம்பவம் குற்றவியல் சட்டத்தின் கீழ் வந்தால், இதற்கு அப்பால் போலீஸில் புகார் கொடுக்கவும் அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டால் அதற்கும் நிறுவனம் உதவ வேண்டும்.

குழுவே இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள், 10 பேருக்குக் குறைவான கடை, பட்டறை, வீட்டு வேலை செய்பவர்கள், முதலாளி மீதே புகார் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். எழுதத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. வாயால் சொன்னதை எழுத்தாக்கித் தர உதவ வேண்டியது அந்தக் குழுவின் கடமை.